ஒன்பது நாட்களுக்குப் பிறகு

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் உண்டு. நோய் தொடங்கியபோது அவருக்கு 23 வயது, இப்போது 51. இந்த 28 ஆண்டுகளில் எங்கள் சபையார் அவருக்காக எத்தனை முறை உபவாசித்து ஜெபித்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவர் முற்றிலும் குணமாகவில்லை. குரல்கள் இன்னும் கேட்கின்றன. சில வாரங்கள் அவை தணிந்து, அடுத்த தெருவில் யாரோ வானொலி போட்டதுபோல எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கும் என்று அவரே சொல்லுவார். சில வாரங்கள் அவருடைய பெயரைச் சொல்லித் திட்டும். ஆனாலும், ஒரு கிறிஸ்தவ சபையால் மனிதரைக் குணமாக்கி விடுதலையோடு வாழவைக்க முடியுமா என்று யாராவது என்னைக் கேட்டால், முடியும் என்று என் அண்ணனைக் காட்டித்தான் பதில் சொல்லுவேன். அப்படிச் சொல்லுவதற்கு நான் வந்து சேர்ந்த வழி நீளமானது. அதில் எங்கள் சபை செய்த ஒரு பெருந்தவறும் அடங்கியிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1998-ஆம் ஆண்டில், அண்ணனைப் பிடித்திருப்பது அசுத்த ஆவி என்று சபையில் பெரியவர்கள் சிலர் முடிவுசெய்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொன்னவர்கள் அல்லர். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்களே. அவர்கள் சொற்படி அம்மா அவரை ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துச் சென்றார். நாற்பது நாள் தங்கினால் விடுதலை கிடைக்கும் என்று அங்கே சொன்னார்கள். நாற்பது நாளும் அண்ணனின் இடது காலில் சங்கிலி கிடந்தது. அம்மா பக்கத்திலேயே பனையோலைக் குடிசை ஒன்றில் இருந்து, அவருக்குச் சோறு ஊட்டி, இரவில் சங்கிலி உராய்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினார். நாற்பதாம் நாள் எதுவும் மாறவில்லை. குறை உங்கள் விசுவாசத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தழும்பு தெரிந்துவிடும் என்பதற்காக அண்ணன் இன்றுவரை வேட்டியை மடித்துக் கட்டுவதில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி தர்காவின் அருகே மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். செய்தித்தாளை வாசித்துக் காட்டியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தார். அங்கே நடந்ததை வேறொரு மதத்தாரின் குற்றமாகப் பேசிவிட எங்கள் குடும்பத்துக்கு உரிமையில்லை. சங்கிலிக்கு மதமில்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்திருக்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடைசெய்திருக்கிறது. அந்தச் சட்டம் வந்ததை ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு வேளையில் வாசிக்கச் செய்தேன். வாசித்து முடித்ததும் ஆலயத்தில் நெடுநேரம் அமைதி நிலவியது.

ஜெபவீட்டிலிருந்து திரும்பிய மறு ஆண்டு அண்ணனை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1950களில் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவ மிஷனெரியின் முயற்சியால் உருவான மையம் அது. அங்கே நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும், சமைக்க வேண்டும், மருந்தைப் பற்றியும் நோயைப் பற்றியும் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மாவும் நானும் முறைவைத்துத் தங்கினோம். விசுவாசக் குறைவு என்று பட்டம் வாங்கிவந்த அம்மாவிடம், இது மூளையில் ஏற்படும் நோய், உங்கள் மேல் தவறில்லை என்று ஒரு மருத்துவர் எளிய தமிழில் விளக்கினார். அந்த மையத்தில் முதலில் குணமடைந்தவர் அம்மாதான் என்று நான் எப்போதும் சொல்லுவேன். அதே மருத்துவர் ஒருநாள் பேச்சுவாக்கில், பெல்ஜியத்தில் ஓர் ஊர் இருக்கிறது, ஊரே சேர்ந்து மனநோயாளிகளைத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்ளுகிறது என்றார். அந்த ஊரின் பெயர் கேல். அன்றிலிருந்து அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்து வருகிறேன்.

கேல், ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ள ஊர். அதன் கதை டிம்ப்னா என்ற பெண்ணிலிருந்து தொடங்குகிறது. அயர்லாந்து அரசன் ஒருவனின் மகளாகிய அவள், தாய் இறந்தபின் புத்தி பேதலித்துத் தன்னையே மணக்க முற்பட்ட தகப்பனிடமிருந்து தப்பி, ஒரு குருவானவரின் துணையோடு கடல்கடந்து கேல் ஊருக்கு வந்தாள் என்றும், தேடிவந்த தகப்பன் அங்கேயே அவளுடைய தலையை வெட்டினான் என்றும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனிதர் வரலாறு சொல்லுகிறது. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னர் சேர்ந்தது என்று பிரிக்க இயலாது. சீர்திருத்த சபையில் வளர்ந்த எனக்குப் புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. ஆனால் புத்தி பேதலித்தவன் கையால் இறந்த ஒரு பெண்ணையே புத்தி பேதலித்தவர்களின் அடைக்கலமாக ஒரு ஊர் நினைவில் வைத்துக்கொண்டதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

டிம்ப்னாவின் பெயரால் 14-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய ஆலயம் எழும்பியது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து மக்கள் தங்கள் வீட்டு மனநோயாளிகளை அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஆலயத்தோடு ஒட்டிக் கட்டப்பட்ட நோயாளர் அறையில் அவர்கள் ஒன்பது நாட்கள் தங்குவார்கள். ஜெபம், பாவ அறிக்கை, புனிதையின் நினைவுப் பேழைக்கு அடியில் தவழ்ந்து செல்லுதல் என்று நாளுக்கு நாள் செய்ய வேண்டிய சடங்குகள் இருந்தன. குணமானவர்கள் ஊர் திரும்பினார்கள். குணமாகாதவர்கள் மறுபடியும் ஒன்பது நாட்கள் இருக்க விரும்பினார்கள். அறையில் இடம் போதவில்லை. ஆகவே ஆலயத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் அவர்களைத் தங்கவைக்கக் குருமார் ஏற்பாடு செய்தார்கள். ஒன்பது நாள் மாதங்களானது, மாதங்கள் ஆண்டுகளாயின. சிலரை அழைத்துவந்தவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த வீட்டாரோடு நோயாளிகள் வயலுக்குப் போனார்கள், மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள், குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள், வயதாகி அந்த ஊரிலேயே அடக்கமானார்கள்.

நான் இதை வாசித்த முதல் இரவு தூங்கவில்லை. கேல் ஊரின் ஒன்பது நாளும் நாங்கள் கண்ட நாற்பது நாளும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. இரண்டு இடத்திலும் குறித்த நாள் முடிந்தபோது பலர் குணமாகாமலேயே இருந்தார்கள். எங்களை அனுப்பியவர்கள் அதற்குக் காரணம் தேடி அதை அம்மாவின் மேல் சுமத்தினார்கள். கேல் ஊரார் காரணம் தேடினார்களோ இல்லையோ, பாய் விரித்துக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் காலையில் ஒரு சபை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்த நாடு பிரான்சின் ஆட்சிக்குக் கீழ் வந்து, 1797-ஆம் ஆண்டில் ஆலயம் மூடப்பட்டது. ஆலயம் மூடப்பட்டும் வீடுகள் மூடப்படவில்லை. 1803-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகர நிர்வாகம் தன் காப்பகத்தில் மோசமான நிலையில் கிடந்த மனநோயாளிகளைக் கேல் ஊருக்கே அனுப்பத் தொடங்கியது. 1850-இல் பெல்ஜிய அரசு முழுப் பொறுப்பையும் ஏற்று மருத்துவ மேற்பார்வையை ஏற்படுத்தியது. 1862-இல் கட்டப்பட்ட மருத்துவமனையில் புதிதாக வருபவர்களைச் சில காலம் கவனித்து, அவரவருக்கு ஏற்ற வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓவியர் வின்சென்ட் வான்கோவின் தகப்பனார், சீர்திருத்த சபையின் போதகர், 1880-இல் தம் மகனை அங்கே அனுப்ப நினைத்து, மகன் மறுத்ததால் விட்டுவிட்டார். 1938-இல் அந்த ஏற்பாடு உச்சத்தை எட்டியபோது 3,736 பேர் ஊரார் வீடுகளில் வாழ்ந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது. நல்ல மருந்துகள் வந்துவிட்டன, விவசாயக் குடும்பங்கள் குறைந்துவிட்டன, வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். 2023-இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தைப் பேணிக்காக்கத்தக்க நல்ல நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. கேல் ஊரிலும் பழைய காலத்தில் சிலருக்குக் கணுக்கால் விலங்கு மாட்டினார்கள். வீட்டாருக்குப் பணம் கிடைத்தது; வயலில் வேலைசெய்ய ஓர் ஆளும் கிடைத்தார். கூலியில்லாத உழைப்புக்காகவே சேர்த்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு வழக்கம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்க வெறும் லாபம் போதாது. ஒரே குடும்பத்தில் பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாக நோயாளிகளைத் தங்கவைத்திருக்கிறார்கள். பெற்றோர் இறந்தபின் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தவரைப் பிள்ளைகள் தங்களோடு அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நோயாளி என்று அழைப்பதில்லை. சாப்பாட்டோடு தங்கியிருப்பவர் என்று பொருள்தரும் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். வந்து தங்குபவருக்கு என்ன நோய் என்பதை வீட்டாருக்கு மருத்துவமனை சொல்லுவதில்லை என்பதும் அங்கே நெடுநாளைய வழக்கம். அவர் காலையில் தேநீர் விரும்புவாரா, இரவில் விளக்கை அணைக்க விடுவாரா என்பதை வீட்டார் கூட இருந்தே தெரிந்துகொள்ளுகிறார்கள்.

அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில் கேட்ட ஒரு செய்தியை மறக்க முடியாது. கேல் ஊரில் ஒரு வீட்டில் தங்கியிருந்தவர் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொரு நாளும் திருகிப் பிய்த்துவிடுவாராம். அந்த வீட்டு அம்மையார் ஒவ்வொரு நாளும் அவற்றைத் திரும்பத் தைத்துக்கொடுப்பாராம். தூண்டில் நரம்பால் தைத்தால் பிய்க்க முடியாதே என்று வந்தவர் ஒருவர் யோசனை சொன்னபோது, அதைவிடக் கெடுதலான காரியம் இருக்க முடியாது, அவருக்குப் பொத்தானைத் திருக வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மையார் மறுத்துவிட்டாராம். ஒரு மனிதரை மாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட்டு, அவருக்காக ஒவ்வொரு மாலையும் ஊசியில் நூல் கோக்கும் பொறுமைக்கு அன்பு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சபை அந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆயின. வேலூரிலிருந்து வந்த புதிதில் அண்ணன் ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று யாருக்கோ உரத்த குரலில் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஆட்கள் அவரை வெளியே அழைத்துப்போக எழுந்தார்கள். அப்போது எங்கள் சேகரத்துக்குப் புதிதாக வந்திருந்த போதகர் (எங்கள் வழக்கில் ஐயர்) பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, எல்லாரையும் உட்காரச் சொல்லி, அண்ணன் பேசி முடிக்கும்வரை பீடத்திலேயே காத்து நின்றார். இரண்டு நிமிடம் இருக்கலாம். அண்ணன் தாமாகவே உட்கார்ந்தார். ஐயர் விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்ந்தார். எங்கள் ஊரில் எது மாறத் தொடங்கியதோ அது அந்த இரண்டு நிமிடத்தில்தான் தொடங்கியது.

அடுத்து வந்தவர் ஆலயத்தில் மணி அடித்துப் பணிவிடை செய்யும் கோயில்குட்டியார். வயதாகிவிட்டது, கயிறு இழுக்கத் தோள் வலிக்கிறது என்று அவர் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டார். முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று ஞாயிறுதோறும் அடிக்க வேண்டும். நேரம் தவறக் கூடாது. அண்ணன் கைக்கடிகாரம் ஒன்று கேட்டார். ஏழு ஆண்டுகளில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான்.

ஓர் ஆண்டு கழித்து ஒரு நள்ளிரவில், இரண்டு மணி இருக்கும், ஆலய மணி ஒலித்தது. துக்க மணியோ என்று ஊரே விழித்துக்கொண்டது. குரல்கள் எழுப்பி அடிக்கச் சொல்லியதாக அண்ணன் சொன்னார். மறுநாள் கமிட்டி கூடியது. சாவியை வாங்கிவிட வேண்டும் என்று பலர் பேசினார்கள். அவர்கள் பேசியதிலும் நியாயம் இருந்தது. அந்தத் தெருவில் கைக்குழந்தைகளும் இதய நோயாளிகளும் இருந்தார்கள். நான் எழுந்து பொத்தான் கதையைச் சொன்னேன். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, ஆலயத்துக்கு எதிர்வீட்டுச் சித்தப்பா, “மணி கேட்டால் நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுகிறேன், சாவி அவனிடமே இருக்கட்டும்” என்றார். அப்படியே தீர்மானமாயிற்று. இருபது ஆண்டுகளில் ஆறு முறை அப்படி மணி ஒலித்திருக்கிறது. இப்போதெல்லாம் ஊரார் புரண்டு படுத்துக்கொள்ளுகிறார்கள். சித்தப்பாவுக்குப் பின் அவருடைய மகன் எழுந்து போகிறான்.

மருந்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வரிகளை வாசிக்கும் யாராவது மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பினால் அந்தப் பழி என்னைச் சேரும். அண்ணன் மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளுகிறார், இரவில் மாத்திரை விழுங்குகிறார். சபையால் செய்ய முடிந்த ஒன்றும் அந்த ஊசி இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் ஊசிக்குப் பிறகு மனிதன் எங்கே போய் உட்காருவது, யாரோடு சாப்பிடுவது, யாருக்குத் தேவைப்படுவது என்பதற்கு மருந்துச் சீட்டில் இடமில்லை.

சுவிசேஷத்தில் கல்லறைகளில் வாழ்ந்த மனிதனின் கதை வருகிறது. சங்கிலிகளை முறித்துப்போட்டவன் அவன். புத்தி தெளிந்தபின் இயேசுவோடு கூடவே இருக்க அவன் வேண்டிக்கொண்டான். அவரோ அவனை அவனுடைய வீட்டுக்கும் இனத்தாரிடத்துக்கும் அனுப்பினார். சிறுவயதில் இந்தக் கதையில் பன்றிகள் கடலில் பாய்வதுதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரியும். இப்போது நான் அந்த வீட்டைப் பற்றியே யோசிக்கிறேன். கதவைத் திறந்தது யார்? அவனுக்கு எந்த இடத்தில் பாய் போட்டார்கள்? சங்கிலியால் கட்டிய அதே கைகள்தானே அன்று இரவு சோறும் பரிமாறியிருக்க வேண்டும்? எங்களுக்குத் தெரிந்த அளவில் அது எளிய காரியம் அல்ல. அண்ணனை ஜெபவீட்டுக்கு அனுப்பச் சொன்ன பெரியவர்களில் ஒருவர், சாவதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணனின் காலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அண்ணன் வேட்டியைச் சற்று உயர்த்திக் காட்டினார். பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். இருவரும் வேறொன்றும் பேசவில்லை.

இப்போது சபையில் யாரும் அண்ணனிடம் சாட்சி சொல்லக் கேட்பதில்லை. அற்புதம் நடந்தது என்று மேடையில் நின்று சொல்ல வேண்டிய கடனிலிருந்து அவர் விடுபட்டுவிட்டார். திருவிருந்துக்கு வர மனமில்லாத ஞாயிறுகளில் மணிக்கூண்டின் படியிலேயே உட்கார்ந்திருப்பார், ஐயரும் விசாரிக்கமாட்டார். சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு காய்கறி வெட்டுகிறவர்களோடு விடிய விடிய இருப்பார். ஆட்கள் கூட்டம் தாங்காமல் பாதியில் எழுந்துபோனால், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவருடைய அரிவாள்மணையையும் மீதிக் கத்தரிக்காயையும் அப்படியே வைத்திருப்பார்கள், திரும்பி வந்து தொடருவார் என்று.

அம்மாவுக்கு 78 வயது ஆகிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை. சென்னையில் என் வீட்டுக்கு வந்துவிடும்படி அண்ணனை அழைத்தேன். என் மனைவியும் வற்புறுத்தினாள். “மணி கேட்காத இடத்துக்கு நான் வரமாட்டேன், தம்பி” என்றார். ஆகவே சென்ற மாதம் ஐயரிடம் போய்ப் பேசினேன். அம்மாவால் சமைக்க முடியாத காலம் வரும்போது, அண்ணனுக்கு இரவுச் சாப்பாடு எந்தெந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் எழுதி ஆலய அலுவல் அறையில் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிறு சித்தப்பா மகன் வீடு. திங்கள், புதன், வியாழன் பக்கத்துத் தெருவில் மூன்று வீடுகள். வெள்ளி ஐயர் வீடு. சனிக்கிழமைக்கு, சபையில் சேராத, இந்து சமயத்தைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவர் தாமாகவே வந்து பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் யாரும் எழுதவில்லை. வரும் ஞாயிறு ஊருக்குப் போகும்போது அதற்கு ஒரு வீடு கேட்க வேண்டும்.